பூங்காவில் பட்டாம்பூச்சி பார்ப்பது எப்படி? உத்தனப்பள்ளிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஓசூர் வட்டாரத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. பசுமைக்குடில்களில் ரோஜாவும் ஜெர்பராவும் வருடம் முழுக்கப் பூக்கின்றன. ஆனால் பட்டாம்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது, அதன் புழு தின்ன இலையும் வேண்டும்.

முதலில் இலையைப் பாருங்கள்

பூங்காவுக்குள் போனதும் பூப்பாத்தியை விட்டுவிட்டு வேலியோரம் நடங்கள். எருக்கு வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு, அரளி வெண்புள்ளிக் கருப்பனுக்கு, கறிவேப்பிலைச் செடி கறிவேப்பிலை அழகிக்கு. எலுமிச்சைக் கொழுந்தைத் திருப்பினால் கசகசா அளவில் ஒரு முட்டை ஒட்டியிருக்கலாம். அது எலுமிச்சை அழகியுடையதாக இருக்கலாம். அதன் இளம்புழு அசல் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்தபின் பச்சையாகிவிடும். குச்சியால் லேசாகத் தீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் இரண்டாகப் பிரிந்த உறுப்பை நீட்டி நாற்றமடிக்கும்.

'சுத்தம்' செய்ய வரும் தோட்டக்காரரிடம் எருக்கை விட்டுவைக்கச் சொல்லுங்கள். மருந்து அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரே பாதை, ஒரே நேரம்

வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் பூச்சி பறக்கும், அதனால் காலை 9 மணிக்குமேல் போனால் போதும். வாரம் ஒருமுறை அதே பாதையில் நிதானமாக நடந்து எண்ணுங்கள். பிரிட்டனில் 1976 முதல் பொதுமக்கள் இப்படித்தான் எண்ணி வருகிறார்கள். எதுவும் தென்படாத நாளையும் பூஜ்யம் என்று குறியுங்கள். பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பூக்கும் காலம்

பட்டாம்பூச்சியை எண்ணும்போதே, புங்கனோ சரக்கொன்றையோ, ஒரு மரத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள். கொழுந்து, மொட்டு, பூ, காய் எது இருக்கிறது என்று வாராவாரம் எழுதினால் போதும். 'சீசன்வாட்ச்' திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள்.

மழைக்குப் பின்

செப்டம்பர், அக்டோபரைத் தவறவிடாதீர்கள். ஈரமண்ணில் ஆண் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சும். நீல வரியன்களும் கருப்பன்களும் கிழக்கு மலைகளிலிருந்து மேற்கு நோக்கி வலசை போவதும் இந்தப் பருவத்தில்தான். அவை விரும்பி வரும் கிலுகிலுப்பைச் செடி இருந்தால் அங்கே நின்று பாருங்கள். 2020 முதல் செப்டம்பரை நாடு முழுக்கப் பெரிய பட்டாம்பூச்சி மாதமாகக் கொண்டாடுகிறார்கள்.

பெயர் தெரியாவிட்டால்

இறக்கையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனை இங்கே தேட வேண்டாம். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு வாசி. கண்ணைப் பழக்க வேண்டுமென்றால் கர்நாடக எல்லை தாண்டினால் பன்னர்கட்டா பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்கிறது.