கல்வெட்டுத் தரவுத்தளத்தில் பெருந்தொகைப் பதிவுகளைப் பெறும் முறை: காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
கல்வெட்டுகள் மின்தரவாகும்போது, ஒரு வினவலுக்குக் கிடைக்கும் பதிவுகளின் எண்ணிக்கையே பல ஆய்வு முடிவுகளுக்கு அடிப்படையாகிறது. பதிவுகளைப் பெறும் முறை விரைவை மட்டுமன்றி அவ்வெண்ணிக்கையின் மெய்ம்மையையும் தீர்மானிக்கிறது என்பதை ஜாங்கோ இணையச் சட்டகத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டு, தரவுத்தளம், வினவல், பக்கப் பகுப்பு, ஜாங்கோ

முன்னுரை
பெரிய காஞ்சிபுரத்தின் மேற்கே அமைந்த கைலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவனால் எடுப்பிக்கப்பெற்றது. திருச்சுற்றிலுள்ள சிற்றாலயங்களில் அவனுடைய விருதுப்பெயர்கள் 200க்கும் மேற்பட்டவை பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே பெயர் கிரந்தம், நாகரி எனப் பல எழுத்துமுறைகளில் மீண்டும் வருவதும் உண்டு. ஆட்சியாண்டு குறித்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளும் இக்கோயிலில் உள்ளன. 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ச் இவற்றைப் பதிப்பித்தார். இத்தகைய தரவைத் தரவுத்தளமாக்குங்கால் எழும் சிக்கல்கள் மூன்று.

1. மிகுவினவல்
விருதுப்பெயரை ஓர் அட்டவணையிலும், அது பொறிக்கப்பட்ட இடங்களை மற்றோர் அட்டவணையிலும் வைப்பதே முறை. 200 பெயர்களைப் பெற்றபின் ஒவ்வொன்றின் இடங்களையும் தனித்தனியே கேட்டால் 201 வினவல்கள் நிகழும். ஜாங்கோவின் 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்' இதனை இரண்டு வினவல்களில் முடிக்கிறது.

2. நினைவகச் சுமை
யூ.டி.எப்.-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். 'கோ' என்னும் எழுத்துக்கு 6 பைட்டுகள். ஆகவே, பட்டியலுக்கு எண்ணும் இடமும் போதுமாயின் மூலபாடத்தைக் கேளாது விடுதல் நன்று. முழுப்பாடமும் தேவையெனில் 'இட்டரேட்டர்' பயன்படும். வழக்கமான சுழற்சியில் எல்லாப் பதிவுகளும் நினைவகத்தில் தங்கும். இட்டரேட்டர் அவ்வாறு தேக்காமல், இயல்பாக 2000 பதிவுகள் கொண்ட பகுதிகளாகப் பெறும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இது ஒரே வினவலாக நிகழ்வதால், இடையில் புதுப்பதிவு சேர்ந்தாலும் கணக்கு மாறாது. ஜாங்கோ 4.1 முதல், பகுதியின் அளவைக் குறிப்பிட்டால் முற்கூறிய ப்ரீஃபெட்ச் முறையையும் இதனுடன் இணைக்கலாம்.

3. பக்கப் பகுப்பும் விடுபாடும்
முதல் 5000 பதிவுகளைத் தாண்டி அடுத்த 50ஐக் கேட்டால், தரவுத்தளம் அந்த 5000ஐயும் படித்தே கழிக்கிறது. இது காலத்தாழ்வு மட்டுமே. பிழை வேறிடத்தில் நேர்கிறது. ஆட்சியாண்டு ஒன்றையே வரிசைக்கு அடிப்படையாக்கினால், ஒரே ஆண்டுடைய கல்வெட்டுகளின் நிரல் உறுதிப்படாது. ஒன்று இரு பக்கங்களில் வரலாம், மற்றொன்று எப்பக்கத்திலும் வாராதொழியலாம்.

இதனைத் தவிர்க்க, 'கடைசியாகக் கண்ட ஆண்டுக்கு மேற்பட்டவை' என ஒப்பிட்டுத் தொடரும் முறையும் உண்டு. அதிலும் ஓர் இடர் உள்ளது. கல் சிதைந்து ஆட்சியாண்டு அறியவியலாத பதிவில் அப்புலம் வெறுமையாக இருக்கும். வெறுமதிப்பு எவ்வொப்பீட்டிலும் மெய்யாகாது. ஆதலால் அப்பதிவுகள் அனைத்தும் அறிவிப்பின்றி நீங்கிவிடும். தனித்தன்மையுடைய பதிவெண்ணைக் கொண்டு தொடர்வதே முழுமையான கணக்கிற்கு உரிய வழியாகும். பதிவெண்ணுக்குச் சுட்டு இருப்பதால் விரைவும் குன்றாது.

முடிவுரை
ஒரு சொல் அல்லது வழக்கு கல்வெட்டுகளில் இல்லை என்று கூறும் ஆய்வாளர், தேடிய சொல்லோடு பதிவுகள் பெறப்பட்ட முறையையும் குறிப்பிடுதல் வேண்டும். பெற்ற பதிவுகளின் தொகையை தரவுத்தளத்தின் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே 'இல்லை' என்னும் முடிவு ஏற்புடையதாகும்.