டி.வி.டி.யில் படம் ஏன் திணறுகிறது?

நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ திரையரங்கில் நொடிக்கு 24 படங்களாக ஓடியது. நம் நாடு ஏற்ற ‘பால்’ தொலைக்காட்சி முறையிலோ (குடிக்கும் பால் அன்று!) நொடிக்கு 25. ஆகவே 150 நிமிடத் திரைப்படம், இம்முறை டி.வி.டி.யில் சற்று விரைந்தோடி 144 நிமிடத்தில் முடிந்துவிடும்.

பள்ளி விழாவை இம்முறையில் பதிவு செய்வோர் 25 படங்கள், 720க்கு 576 புள்ளிகள் என்றே அமைக்க வேண்டும். அடுத்தது பிட் வேகம். 4.7 கிகாபைட் வட்டில் 2 மணி நேர விழா அடங்க, ஒலியும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்தான் கிடைக்கும். மிகவும் குறைத்தால் கோலாட்டம் கட்டம் கட்டமாகச் சிதறும். உச்ச வரம்பான 9.8ஐ ஒட்டி வைத்தாலோ சில கருவிகள் திணறும்.

எம்பெக்-2 சுருக்க முறையில் எல்லாப் படங்களும் முழுமையாகப் பதிவாவதில்லை. 15 படங்களுக்கு ஒன்றாவது முழுப்படம். மற்றவை மாறிய பகுதிகளை மட்டுமே சொல்லும். அவற்றின் நடுவே வெட்டினால் அவ்விடத்தை மீண்டும் சுருக்க நேர்ந்து தெளிவு குறையும். ஆதலால் கேமராவின் மூலப் பதிவிலேயே வெட்டி ஒட்டி, இறுதியில் ஒரே முறை சுருக்குவது நன்று. அயோத்தியாப்பட்டணத்துக் கல்யாண வீட்டார் வட்டை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் மூலப் பதிவையும் கேட்டு வாங்கலாமே!