அந்தமானில் இராக்கெட் கண்காணிப்பு

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவப்பெறும் இராக்கெட் சில நிமிடங்களில் அடிவானத்தின் கீழ் மறைகிறது. அது அனுப்பும் வானொலி அலைகள் நேர்க்கோட்டில் செல்வன, பூமியோ உருண்டை. இராக்கெட் 100 கி.மீ. உயரத்திலிருப்பின், ஏறத்தாழ 1,130 கி.மீ. தொலைவு வரையே அதன் செய்தி எட்டும். (பூமியின் விட்டமாகிய 12,740 கி.மீ.யை உயரத்தால் பெருக்கி வர்க்கமூலம் காண்க. வகுப்பில் செய்து காட்டத்தக்க கணக்கு.)

ஆகவேதான், சுமார் 1,370 கி.மீ. கிழக்கே போர்ட் பிளேரில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கண்காணிப்பு நிலையத்தை நடத்திவருகிறது. (2024இல் அந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது.) இரு நிலையங்களின் எல்லைகளும் நடுக்கடலின்மேல் ஒன்றையொன்று தழுவி நிற்பதால் இடையில் செய்தி அறுவதில்லை. கிண்ண வடிவ ஏரியல் இராக்கெட்டின் போக்கிற்கேற்பத் திரும்பி, எரிபொருட் கலங்களின் அழுத்தம், வெப்பநிலை முதலிய அளவுகளைப் பெறுகிறது. அப்பால் புருனையும் இந்தோனேசியாவின் பியாக்கும் அப்பணியை ஏற்கும்.

இவ்வளவுகளின் அருமை தோல்வியின்போதே நன்கு விளங்கும். கடலில் வீழ்ந்ததை எடுத்து ஆராய்தல் அரிது. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஏவிய ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 இராக்கெட்டின் மேலடுக்கு எரியவில்லை. திரவ ஹைட்ரஜன் கலத்தில் போதிய அழுத்தம் இல்லாமையைப் பதிவான அளவுகள் காட்டின. வால்வு ஒன்றின் கசிவே அதற்குக் காரணமென ஆய்வுக்குழு கண்டது. 2023 மே 29 அன்று எஃப்12 வெற்றியுடன் சென்றது.