வெளிச்சத்தின் கணக்கு
(பெரிய திரையில் வீடியோ காட்டும் தொழில்நுட்பம்)



சென்ற ஆண்டு நம் கல்லூரி ஆண்டு விழாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மைதானத்தில் பெரிய வெள்ளைத் துணி கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் நம் நிகழ்ச்சிகளைக் காட்ட ஏற்பாடு. படம் வெளுத்துப் போய் ஆள் முகமே தெரியவில்லை. "அண்ணே, மெஷினை ஒழுங்கா வைங்கண்ணே!" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். ஆபரேட்டர் அண்ணன் வியர்க்க விறுவிறுக்க லென்ஸைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் சாப்பிடக்கூட இல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். தவறு அவருடையதா? இதை அறியவே இக்கட்டுரைக்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

லூமெனும் லக்ஸும்

புரொஜெக்டரில் இருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு லூமென். ஒரு சதுர மீட்டர் திரையில் விழும் ஒளியின் அளவு லக்ஸ். வகுத்தல் கணக்குதான், வேறொன்றுமில்லை.

வகுப்பறைத் திரை 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் என்று கொள்வோம். பரப்பு 3 சதுர மீட்டர். 3,000 லூமென் மெஷின் என்றால் 1,000 லக்ஸ் கிடைக்கும். அதே மெஷினை 6 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரத் துணியில் அடித்தால் பரப்பு 27 சதுர மீட்டர். கிடைப்பது 111 லக்ஸ்தான். அகலம் 3 மடங்கானால் வெளிச்சம் 9-ல் ஒரு பங்காகிவிடும்!

இன்னொன்றும் உண்டு. கறுப்பு நிறத்தை எந்த புரொஜெக்டராலும் வீச முடியாது. ஒளி விழாத இடம்தான் நமக்குக் கறுப்பு. பந்தல் டியூப்லைட் வெளிச்சம் திரையில் 100 லக்ஸ் விழுந்தால் கறுப்பு 100, வெள்ளை 211. வித்தியாசம் சுமார் இரண்டே மடங்கு. பிறகு முகம் எப்படித் தெரியும்?

எண்ணெயில் எழுதிய படம்

"அப்படின்னா வெளிச்சத்தைக் கூட்ட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். பழைய படக்குழாய் புரொஜெக்டரில் அது சுலபமில்லை. அங்கே படத்தை வரைவதும் ஒளியைத் தருவதும் ஒரே குழாய். எலக்ட்ரான் கற்றையின் மின்னோட்டத்தைக் கூட்டினால் புள்ளி பெருத்துப் படம் மங்கும், பாஸ்பர் பூச்சு கருகும்.

இதற்கு 1939-ல் வழி கண்டவர் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர். ஒளியைத் தனி விளக்கு தரட்டும், படம் அதைத் திறந்து மூடும் வால்வாக மட்டும் இருக்கட்டும் என்பதே அவர் யோசனை. வால்வு தண்ணீரை உண்டாக்குவதில்லை. தொட்டித் தண்ணீரைத் திறந்து விடுகிறது, அவ்வளவுதான்.

அவர் அமைத்த ஐடோஃபோர் கருவியில், வெற்றிடத்தில் உள்ள குழியாடி மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். எலக்ட்ரான் கற்றை அதில் மின்னூட்டம் இட்டால் படலம் நெளியும். நெளிவில்லாத இடத்தில் பட்ட ஒளி விளக்குப் பக்கமே திரும்பிவிடும். நெளிந்த இடத்தில் பட்ட ஒளி விலகித் திரைக்குப் போகும். சோதனைக் கருவி 1943-ல் இயங்கிக் காட்டியது. ஆனால் 1947-லேயே ஃபிஷர் காலமானார். பிற்காலத்தில் அப்போலோ விண்வெளிப் பயணங்களின்போது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரைகளுக்கு ஐடோஃபோர்கள் பயன்பட்டதை அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஆடும் கண்ணாடிகள்

எண்ணெய்க்குப் பதில் கண்ணாடியை வைத்தவர் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக். 1987-ல் அவர் கண்டுபிடித்த சிப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நுண்கண்ணாடி. 1920 x 1080 படத்துக்கு 20,73,600 கண்ணாடிகள்! ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்கு. மறுபக்கம் சாய்ந்தால் வீணாக ஒதுக்கப்படும். சாம்பல் நிறத்துக்கு, திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பார்கள். லேபில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தப் படித்தோமே, அதே பல்ஸ் அகல முறைதான்! இதற்காக 2015-ல் அவருக்கு ஆஸ்கார் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. விளக்காக செனான் ஆர்க் இருந்த இடத்தில் இன்று லேசரும் வந்துவிட்டது.

நாம் கவனிக்க வேண்டியவை

1. முதலில் திரையின் பரப்பு, பிறகு லூமென். மெஷினை எடுத்து வந்த பிறகு துணியின் அளவை முடிவு செய்யக் கூடாது.

2. லென்ஸின் எறிவு விகிதத்தைத் திரை அகலத்தால் பெருக்கினால் மெஷின் வைக்கும் தூரம் கிடைக்கும். விகிதம் 1.5, அகலம் 6 மீட்டர் என்றால் 9 மீட்டர்.

3. ஒரே படத்தை இரண்டு மெஷின்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்.

4. செனான் விளக்கில் ஆறிய பிறகும் வாயு அழுத்தம் மிக அதிகம், வெடிக்கலாம். முகக்கவசம், கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

இப்போது சொல்லுங்கள், தவறு யாருடையது? "துணியைப் பெரிசாக் கட்டுங்கடா, கெத்தா இருக்கும்" என்று சொன்னது நாம்தானே! மூன்று எண்களைப் பெருக்கி வகுத்துப் பார்க்காமல், கூலிக்கு வந்த ஒருவரைக் கூட்டத்தில் தலைகுனிய வைத்துவிட்டோம். டிப்ளமோ படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இது அழகா?

இந்த ஆண்டு விழாவுக்கும் அந்த அண்ணனையே அழைப்போம். துணி கட்டும் முன் பேப்பரில் கணக்குப் போடுவோம். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.