ஐயம் தீர நடந்தவர்

ஒரே நூலை ஆசிரியர் பலரிடம் பாடங்கேட்பவர்க்கு நேரும் இடர் ஒன்றுண்டு. ஒருவர் கொண்ட பொருளை மற்றொருவர் மறுப்பார். மூன்றாமவர் அவ்விருவரையும் மறுத்துத் தாம் ஒன்று கூறுவார். கற்போருட் பலர் தமக்கு உவப்பான உரையை மேற்கொண்டு அமைந்துவிடுவர். அவ்வாறு அமைய மாட்டாத ஒருவர் 7ஆம் நூற்றாண்டிலே சீன நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் யுவான் சுவாங் என்னும் பௌத்தத் துறவியார்.

இளமையிலேயே துறவு பூண்ட அவர், தம் தமையனாரோடு ஊர்தோறுஞ் சென்று புகழ்பெற்ற ஆசிரியர்களிடம் சமய நூல்களைக் கற்றார். அவை வடமொழியினின்றும் சீன மொழியிற் பெயர்க்கப்பட்டவை. பெயர்த்தோர் பலர், பெயர்த்த காலமும் பல, முற்றுப்பெறாத நூல்களும் அவற்றுள் உண்டு. எனவே, உள்ளத்தின் இயல்பு யாது, எல்லா உயிர்க்கும் புத்தநிலை எய்துதல் கூடுமோ என்பன போன்ற வினாக்களுக்கு ஆசிரியர்தோறும் விடை வேறுபட்டது. மூல நூலைக் கண்டாலன்றித் தெளிவு பிறவாது என்று துணிந்தார். அவற்றுள்ளும் 'யோகாசாரபூமி' என்னும் பெருநூலை முழுவதும் ஓதியுணர வேண்டும் என்பது அவருடைய தலையாய வேட்கை. அந்நூலை ஓதுவிப்போர் இருந்த இடமோ இந்திய நாடு.

அக்காலத்தில் எவரும் நாட்டெல்லையைக் கடத்தலாகாது என்று அரசாணை இருந்தது. அவர் விண்ணப்பித்தும் இசைவு கிடைக்கவில்லை. ஆகவே கி.பி. 629இல் (627 என்பாரும் உளர்) ஆணையைக் கடந்து, பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

எல்லைக்கு அப்பால் இருந்தது கோபிப் பாலைவனம். வழிகாட்ட வந்தவனும் இடையே நீங்கினான். எலும்புக் குவியல்களையும் குதிரைச் சாணத்தையும் அடையாளமாகக் கொண்டு தனியே சென்றவர், ஓரிடத்தில் நீர் பருகத் தோற்பையை எடுக்க, அது கைதவறி விழுந்து நீரெல்லாம் மணலிற் சுவறியது. வேறு வழியின்றி வந்த திசையே திரும்பினார். சிறிது தொலைவு சென்றதும் தாம் செய்த சூளுறவு நினைவுக்கு வந்தது. இந்தியாவை அடையுமுன் கிழக்கு நோக்கி ஓரடியும் வைப்பதில்லை என்று உறுதி கொண்டு வந்தவரல்லரோ அவர்? மீண்டும் குதிரையை மேற்கே திருப்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒருதுளி நீரும் நாவிற் படவில்லை. இறுதியில் அவர் ஏறியிருந்த குதிரையே மோப்பம் பிடித்துப் புல்லும் நீரும் உள்ள இடத்தை அடைந்தது. அக்குதிரை முன்பே அவ்வழியிற் பலகால் சென்று பழகிய கிழக்குதிரை. இளங்குதிரையைக் கொடுத்து அதனை மாற்றாகப் பெற்றது எத்துணை நன்றாயிற்று!

துர்பான் நாட்டரசன் அவரைத் தன் அவையிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பி வற்புறுத்தினான். அவர் உண்ணாநோன்பு பூண்ட பின்னரே விடைகொடுத்தான். பனிமலைகளைக் கடந்து, காசுமீரத்தில் ஈராண்டு கற்று, புறப்பட்டுப் பல்லாண்டு கழிந்தபின் நாலந்தாவை அடைந்தார்.

ஆங்குத் தலைமை ஆசிரியராய் விளங்கியவர் சீலபத்திரர் என்னும் முதியவர். சீனத் துறவியார், தம் நாட்டில் ஆசிரியராய் அமர்ந்து பிறர்க்கு உரை பகர்ந்தவராயினும், அம்முதியவர் திருமுன் மாணாக்கராய்ப் பணிந்தார். நாள்தோறும் அவருக்கு உயர்ந்த நெல்லரிசியும் பாக்கும் பிறவும் மடத்தினின்றும் வழங்கப்பட்டன. யோகாசாரபூமியைச் சீலபத்திரர் பாடஞ்சொல்லி முடிக்கப் பதினைந்து திங்கள் சென்றன. ஒரு முறை கேட்டதனோடு யுவான் சுவாங் நின்றாரல்லர், மீண்டும் கேட்டார். வடமொழி இலக்கணத்தையும் அளவை நூலையும் பயின்றார். ஆங்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தங்கினார் என்பர்.

தமிழ்நாட்டு மாணவர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. சீலபத்திரருக்கு ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் காஞ்சி மாநகரிற் பிறந்தவர் என்று யுவான் சுவாங்கே எழுதியுள்ளார். அக்காஞ்சிக்கு அவர் கி.பி. 640ஐ ஒட்டி வந்தார். அப்போது நரசிங்கவர்ம பல்லவன் ஆட்சி. நிலவளத்தையும், மக்கள் கல்வியைப் போற்றும் பண்பையும், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளையும் தம் நூலிற் குறித்துள்ளார்.

ஆயினும் அவர் காஞ்சிக்கு வந்தது ஊர் காண அன்று. கடல் கடந்து இலங்கைக்குச் செல்ல. யோகாசார நூலை விளக்கவல்லார் ஆங்கு உளர் என்று கேள்வியுற்றிருந்தார். அச்சமயம் இலங்கையில் அரசன் இறக்க, பஞ்சமும் கலகமும் மிக, முந்நூறு துறவியர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் தலைவரானோரிடம் யுவான் சுவாங் அந்நூலின் அரிய இடங்களை வினவினார். அவர்கள் கூறிய உரை சீலபத்திரர் உரையின் மேற்பட்டதாக இல்லை. அவர் இலங்கைப் பயணத்தைக் கைவிட்டு வடமேற்கே திரும்பினார்.

மணலைக் கடந்ததினும் மலையைக் கடந்ததினும் இந்நிகழ்ச்சியே அவர் வாழ்வில் ஆராயத்தக்கது. உரை வேறுபாட்டைக் கேட்டு மயங்கிய அதே மனிதர், இப்போது கேட்ட உரையைத் தாமே நிறுத்துப் பார்க்கின்றார். இன்னும் ஓர் ஆசிரியர், இன்னும் ஒரு நாடு என்று தேடியோடிய உள்ளம், தேடியது முன்னரே கைக்கு வந்துவிட்டதை அறிகின்றது. அவ்வறிவு நாலந்தாவிற் பாடம் முடிந்த அன்றே தோன்றவில்லை. தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரிலே, பிறரை வினாவியபோது தோன்றியது.

ஹர்ஷ மன்னர் அளித்த சிறப்புகளை வரலாற்று நூல்களில் விரிவாகக் காணலாம். திரும்பும் வழியில் சிந்து ஆற்றிலே புயல் எழுந்து படகு அலைய, ஐம்பது சுவடிகள் வெள்ளத்திற் போயின. அவர் ஐம்பது நாட்களுக்கு மேல் அங்கேயே தங்கி, இழந்தவற்றுட் சிலவற்றைப் படியெடுத்துவர ஆட்களை அனுப்பினார். 645இல் சீனத் தலைநகரை அடைந்தபோது இருபது குதிரைகள் 657 நூல்களைச் சுமந்து வந்தன. அனுமதியின்றிச் சென்றவரை அரசர் ஒறுக்கவில்லை. அமைச்சுப் பணி ஏற்குமாறு வேண்டினார். அவர் அதனை மறுத்து மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். 664இல் உயிர் நீங்கும் வரையில் 75 நூல்களைப் பெயர்த்து முடித்தார். யோகாசாரபூமி அவற்றுள் ஒன்று.

இடையே இந்தியாவினின்றும் அன்பர் சிலர் ஓலை விடுத்தனர். சீலபத்திரர் மறைந்த செய்தியையும் முன்னரே கேட்டிருந்தார். விடை எழுதிய யுவான் சுவாங், ஆசிரியரை இழந்த துயரத்தை முதலிற் கூறி, பெயர்த்து முடித்த நூல்களைப் பின்னர்த் தெரிவித்து, சிந்து ஆற்றில் இழந்த சுவடிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, படி கிடைப்பின் அனுப்புமாறு வேண்டி, அம்மடலைத் தூதுவரிடம் கொடுத்தனுப்பினார்.