கரண்ட் வைத்தால் முதுகுவலி தீருமா?

முதுகுவலி என்று ஒருவர் வாய்திறந்து சொன்ன மாத்திரத்தில், 'பத்து நாள் கரண்ட் வைத்துப் பாருங்களேன், எனக்குக் கேட்டது' என்று யோசனை சொல்ல வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது ஒருவர் தயாராக இருப்பது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. பிசியோதெரபி நிலையத்தில், திரைச்சீலை மறைத்த குறுகிய கட்டிலில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பின் இரு மருங்கிலும் கறுப்பு ரப்பர் பட்டைகளை ஜெல் தடவிப் பொருத்தி, பெட்டியின் குமிழை மெல்லத் திருகியபடியே 'எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?' என்று கேட்டு, 'இருக்கு' என்ற பதில் வந்ததும் நேரத்தைக் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடும் அந்தச் சிகிச்சை, இப்போது உள்ளங்கையில் அடங்கும் கருவியாக உருமாறி, மருந்துக்கடையிலும் இணைய அங்காடியிலும் எந்த டாக்டருடைய சீட்டும் இல்லாமலே கிடைக்கிறது. தோலின் வழியாக நரம்புகளை மின்சாரத்தால் தூண்டும் இந்த உபகரணத்துக்கு டென்ஸ் என்று பெயர். நிலையங்களில் பெரும்பாலும் காணப்படும் ஐ.எஃப்.டி. பெட்டி அதன் நெருங்கிய உறவு. இவற்றைப் பற்றி ஜனங்களிடையே வழங்கிவரும் அபிப்பிராயங்களில் சில முழுப் பிழை, சில பாதி உண்மை.

மின்சாரத்தால் வலியைத் தணிப்பது நேற்று முளைத்த நவீன வித்தை என்பது முழுப் பிழை. ரோமாபுரியில் கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், அதாவது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், கீல்வாத வேதனைக்கு ஒரு பரிகாரம் எழுதிவைத்தார்: கடற்கரை ஈரத்தில் நின்று, உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலடியில் வைத்து, பாதம் முழுவதும் முழங்கால் வரைக்கும் மரத்துப்போகும்வரை மிதித்திருக்க வேண்டும். தீராத தலைவலிக்கும் அதே மீனையே அவர் சிபாரிசு செய்தார். ஆனால் இதற்கெல்லாம் காரணம் என்ன என்பதை விளக்கும் சாஸ்திரம் பிறக்க 1965 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ரொனால்ட் மெல்சாக் என்ற மனோதத்துவ அறிஞரும் பாட்ரிக் வால் என்ற நரம்பியல் அறிஞரும் அவ்வாண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையில், முதுகுத்தண்டின் நரம்புத் திசுவில் வலிச் செய்தி மூளைக்கு ஏறிச்செல்லும் இடத்தில் ஒரு வாயில் உண்டென்றும், தொடுகையையும் அழுத்தத்தையும் சுமந்துவரும் தடித்த நரம்பிழைகள் சுறுசுறுப்படையும்போது அந்த வாயில் குறுகி, மெல்லிய இழைகள் சுமந்துவரும் வலி தடைபடுகிறதென்றும் வாதித்தனர். கட்டில் காலில் இடித்துக்கொண்ட விரலை நாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பரபரவென்று தேய்த்துவிடுவதும், தேய்க்கத் தேய்க்க வலி குறைவதும் இதனால்தான். அந்த வாயிற்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பிற்காலத்தில் பலவாறு திருத்தப்பட்டன. எனினும் அதன் மையக் கருத்து நிலைத்துவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1967-ல், வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை நிபுணரும் சேர்ந்து, நாட்பட்ட கொடிய வலியுள்ள எட்டு நோயாளிகளின் நரம்புகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தபோது, அவர்களில் நால்வருக்கு இரண்டு நிமிஷத் தூண்டுதலுக்குப் பின் அரைமணிக்கு மேலாக வலி அடங்கியிருந்தது. அந்த அறிக்கைக்கு அவர்கள் இட்ட தலைப்பே வலியின் தற்காலிக நிறுத்தம் என்ற பொருள்படுவதாகும். தற்காலிகம் என்று கண்டுபிடித்தவர்களே எழுதிவைத்தார்கள். அந்தச் சொல்தான் விளம்பரங்களில் முதலில் காணாமற்போயிற்று. அதே ஆண்டில் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க டாக்டர் முதுகுத்தண்டின் மேலேயே மின்முனையைப் பதிக்கும் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். அதற்குத் தகுதியானவர் யார் என்று முன்கூட்டியே அறியத்தான் தோலின்மேல் ஒட்டும் கருவி அந்நாளில் உபயோகமாயிற்று. சோதனைக்கு வந்த கருவியே போதும் என்று சில நோயாளிகளுக்குத் தோன்றியதில், அது தனிச் சிகிச்சையாக வளர்ந்தது.

'ஜவ்வு விலகியிருக்கிறது, கரண்ட் வைத்தால் உள்ளே போய்விடும்' என்பதும், 'நரம்பு தளர்ந்துவிட்டது, கரண்ட் அதற்குச் சக்தி ஏற்றும்' என்பதும், நான் கேட்ட அளவில், மிகப் பரவலாக வேரூன்றியவை. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. ஒட்டிய பட்டைகளுக்கு அடியில் உள்ள தோலின் உணர்வு நரம்புகளைத்தான் இந்த மின்துடிப்பு பிரதானமாக எழுப்புகிறது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள, ஜவ்வு எனப்படும் வட்டை அது தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை, தேய்ந்ததை வளர்ப்பதுமில்லை. விநாடிக்கு 50 முதல் 100 துடிப்புகள்வரை கொடுக்கும்போது வாயில் குறுகும் விளைவு மேலோங்குகிறது. 10-க்குக் குறைவான துடிப்புகளைச் சற்று வலுவாகக் கொடுத்துத் தசை துடிக்கும்படி செய்தால், உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிகள் வேலை செய்கின்றன என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எப்படியாயினும் மாறுவது வலியின் உணர்வே அன்றி முதுகின் அமைப்பு அன்று. வலியில்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும், வயது ஏற ஏற வட்டுத் தேய்மானம் தென்படுவது வழக்கம் என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நல்லது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை.

இனி, எல்லாவற்றிலும் ஆழமான நம்பிக்கைக்கு வருவோம். 'எனக்குக் கேட்டதே, அதைவிட வேறென்ன ருசு வேண்டும்?' என்று கேட்பவருடைய அனுபவம் பொய்யன்று. அவருக்கு வலி உண்மையாகவே குறைந்தது. குறைத்தது மின்சாரந்தானா என்பதே விசாரணைக்குரிய விஷயம். அந்த விசாரணையை மிக நேர்மையாக நடத்திக் காட்டியவர்கள் அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் டேயோவும் அவருடைய சகாக்களும். அவர்களுடைய முடிவு 1990-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயிற்று. நாட்பட்ட கீழ்முதுகு வலியால் வருந்திய 145 பேர் அதில் பங்குகொண்டனர். அவர்களில் பாதிப்பேருக்கு வலி வந்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. சிலருக்கு மெய்யான டென்ஸ் கருவியும், சிலருக்குத் தோற்றத்தில் ஒன்றாகவே இருந்து மின்சாரம் மட்டும் வராத பொய்க்கருவியும் கொடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேருக்குத் தசைகளை நீட்டித் தளர்த்தும் தேகப்பயிற்சியும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாதத்தின் முடிவில், மெய்யான கருவி வைத்துக்கொண்டவர்களுக்கு வலியின் அளவுகோல்கள் 47 சதவீதம் மேம்பட்டிருந்தன. மின்சாரமே வராத பெட்டியைக் கட்டிக்கொண்டவர்களுக்கு 42 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இவ்விரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

மின்சாரமே இல்லாமல் 42 சதவீதம் எங்கிருந்து வந்தது? நாட்பட்ட வலி ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும் இயல்புடையது. அது உச்சத்தில் நிற்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம். ஆகையால் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அடுத்த சில வாரங்களில் அது ஓரளவு இறங்கவே செய்யும். அதோடு ஒருவர் நம்மைப் பொறுப்பெடுத்துக் கவனிக்கிறார் என்ற ஆறுதலும், இம்முறை கேட்கும் என்ற எதிர்பார்ப்பும் வலியை மெய்யாகவே குறைக்க வல்லவை. இந்தப் புண்ணியமெல்லாம் கருவியின் கணக்கில் ஏறிவிடுகிறது. அதே ஆய்வில் தேகப்பயிற்சி செய்தவர்களுக்கு வலியும் குறைந்தது, நடமாட்டமும் பெருகிற்று. அந்த லாபம் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலோர் பயிற்சியைக் கைவிட்டிருந்தார்கள். கிடைத்த லாபமும் போய்விட்டிருந்தது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மறக்கலாகாது என்று விரும்புகிறேன்.

அதற்குப் பின்னர் வந்த தீர்ப்புகள் பெரும்பாலும் ஒரே திசையில் சென்றன. அமெரிக்க நரம்பியல் கழகம் 2010-ல் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு டென்ஸ் சிபாரிசுக்குரியதன்று என்றது. நீரிழிவினால் வரும் நரம்பு வலிக்கு மட்டும் அதைப் பரிசீலிக்கலாம் என்றது. 2012-ல் அந்நாட்டின் மெடிகேர் காப்பீடு, ஆய்வுகளில் பங்கேற்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நாட்பட்ட கீழ்முதுகு வலிக்காகக் கருவி வாங்கப் பணம் தருவதை நிறுத்திற்று. இங்கிலாந்தின் சிகிச்சை வழிகாட்டு அமைப்பான 'நைஸ்' 2016-ல், டென்ஸோடு ஐ.எஃப்.டி. சிகிச்சையையும் சேர்த்தே, கீழ்முதுகு வலிக்குக் கொடுக்க வேண்டாம் என்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் இடுப்புப் பெல்ட், டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றோடு டென்ஸையும் வழக்கமான சிகிச்சையிலிருந்து விலக்கி, நோயைப் பற்றிய தெளிவான போதனையையும் தேகப்பயிற்சியையும் முன்னிறுத்திற்று.

அப்படியானால் இது வெறும் ஏமாற்றா? அதுவும் அன்று. 2022-ல் வெளியான ஒரு விரிவான தொகுப்பாய்வு, பலவித வலிகளைப் பற்றிய 381 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்து, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதும் நிறுத்திய உடனேயும் பொய்ச்சிகிச்சையைவிட வலி குறைகிறது என்று கண்டது. இந்த முடிவும் மேற்சொன்ன தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. ஓடும்போது கிடைக்கும் நிவாரணம் ஒரு விஷயம். மாதக்கணக்கில் முதுகு குணமாவது வேறொரு விஷயம். முதலாவதை எதிர்பார்த்துக் கருவியைக் கட்டிக்கொண்டு, வலி தணிந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில் எழுந்து நடப்பவரும் பயிற்சி செய்பவரும் அதைத் தக்கபடி உபயோகிக்கிறார்கள். இரண்டாவதை நம்பிப் பத்து நாள் கட்டிலில் அசையாமல் படுத்துவிட்டு, ஒரு பயிற்சிகூடக் கற்காமல் வீடு திரும்புகிறவருக்குப் பணமும் நாளும் நஷ்டம்.

கரண்டை எவ்வளவு கூட்டி வைக்கிறோமோ அவ்வளவு பலன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பவர்கள் உண்டு. வலுவாக இருக்க வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது என்பதே சரியான அளவு. இருப்பதே தெரியாத அளவுக்குக் குறைத்து வைப்பதும் வீண். தினந்தோறும் ஒரே வேகத்தில் ஒரே அளவில் வைத்தால் ஐந்தாம் நாளுக்குள்ளேயே உடல் பழகிப் பலன் மங்கிவிடுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்; ஆகையால் வேகத்தை மாற்றி மாற்றி வைப்பது நலம். காபிப் பிரியர்கள் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு: 200 மில்லிகிராம் காஃபீன் இந்தத் தூண்டுதலின் பலனைக் குறைத்ததாகக் கனடா ஆய்வாளர்கள் 1995-ல் ஒரு சிறு பரிசோதனையில் கண்டார்கள். பசை போன பட்டையை மறுபடி மறுபடி ஒட்டுவதால் மின்சாரம் ஓரிடத்தில் குவிந்து சுருக்கென்று குத்தும், தோலும் சிவக்கும். புதிய பட்டை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

மறுபுறத்தில், ஷாக் அடித்துவிடும், நரம்பு செத்துவிடும் என்று அஞ்சி ஒதுங்குபவர்களும் இருக்கிறார்கள். சிறு பாட்டரியில் ஓடும் இக்கருவியை ஆரோக்கியமான தோலின்மேல் முறையாக வைத்தால் அத்தகைய அபாயம் இல்லை. ஆயினும் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் டாக்டரின் அனுமதியின்றி இதைத் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கத்திலும், கண்ணுக்கு மேலும், கர்ப்பிணிகளின் வயிற்றிலும் இடுப்பிலும், புண்ணிலும், புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலும், உணர்வு மரத்துப்போன தோலிலும் வைக்கலாகாது. வண்டி ஓட்டும்போதும் குளிக்கும்போதும் கழற்றிவைத்துவிட வேண்டும்.

வெளியே ஒட்டுவது போதாவிட்டால் உள்ளே பதித்துக்கொண்டால் நிச்சயம் கேட்கும் என்ற எண்ணமும் சமீப காலத்தில் பரவிவருகிறது. நார்வே நாட்டில், முதுகு அறுவைக்குப் பின்னும் கால்வலி தீராத 50 பேருக்கு முதுகுத்தண்டு மின்தூண்டியைப் பதித்து, அதைச் சில மாதங்கள் ஓடவிட்டும் சில மாதங்கள் அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்தியும் நடத்திய பரிசோதனை 2022-ல் வெளியாயிற்று. ஓடியதற்கும் ஓடாததற்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை தென்படவில்லை. லட்சக்கணக்கில் செலவும் சத்திரசிகிச்சையின் அபாயமும் உள்ள காரியம் இது. இரண்டாவது டாக்டர் ஒருவரின் அபிப்பிராயத்தைக் கேளாமல் இதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

முதுகுவலியோடு சிறுநீர் கழிப்பதில் தடையோ கட்டுப்பாட்டிழப்போ, தொடைகளின் உட்புறமும் ஆசனப் பகுதியும் மரத்துப்போவதோ, காலில் பலம் குன்றுவதோ தோன்றினால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடாத ஜுரம், இரவு வியர்வை, காரணமில்லாத உடல் மெலிவு ஆகியவை முதுகெலும்பு க்ஷயரோகத்தின் அடையாளமாக இருக்கலாம். நம் தேசத்தில் அது அபூர்வமன்று, உரிய மருந்தால் குணப்படுத்தக் கூடியது. இந்த நிலைமைகளில் கரண்ட் வைத்து வலியை மறைத்துக்கொண்டு நாளைக் கடத்துவது பேராபத்து.

இவை எதுவும் இல்லாத சாதாரண நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள் கருவி வாங்க ஆசைப்பட்டால், முதலில் தெரிந்தவரிடம் இரவல் வாங்கியோ நிலையத்திலோ இரண்டு மூன்று முறை வைத்துப் பார்த்து, சுகம் தெரிந்தால் மட்டும் விலை குறைந்த ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். பிசியோதெரபி நிலையத்துக்குப் போகிறவர்கள், கட்டிலில் படுக்கும் முன்பாகவே, 'எனக்கு என்னென்ன பயிற்சி சொல்லித்தரப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். பயிற்சியே கிடையாது, கரண்ட் மட்டுந்தான் என்று பதில் வந்தால், வேறு நிலையம் பாருங்கள்.