பீரோவில் பூட்டாதே

அன்புள்ள பாப்பா,

முதலாமாண்டுத் தொழில்நுட்பப் பாடத்தைச் செய்முறைப் பாடமாக மாற்றும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். ராத்திரி ஒரு மணிவரை விழித்திருக்கிறாயாமே, அதுதான் மனதை அரிக்கிறது.

கணினித் திரையிலேயே சுற்றை இணைத்துப் பார்க்கும் டிங்கர்கேடா, கையில் தொடுகிற அர்டுயினோவும் பிரெட்போர்டுமா என்று நீயே தீர்மானி. செலவில்லாததால் உன் துறைத்தலைவருக்கு முதலாவதில்தான் விருப்பமாம். ஆனால் யோசி. மின்தடையம் இல்லாமல் எல்.இ.டி.யை மாட்டினால் திரையில் வெடித்ததுபோல் ஒரு குறி வரும். நிறுத்தி மறுபடி ஓட்டினால் புதிதாகிவிடும். கையில் கருகினதை யாரும் மறக்கமாட்டார்கள். 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 போக, மிச்சம் 3 வோல்ட்டுக்கு 220 ஓம் போட்டால் சுமார் 14 மில்லி ஆம்பியர் என்ற கணக்கை அப்புறம் அவர்களே வந்து கேட்பார்கள். திரையில் கம்பி ஒருநாளும் லூஸ் ஆகாது. லேபில் மல்டிமீட்டரோடு பாதி நேரம் அதைத்தான் தேடுவோம். அந்தத் தேடல்தான் பாடம்.

நான் இருந்த கல்லூரியில் ஆசிலோஸ்கோப்புகளுக்கு உறை போட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். ஆய்வுக்குழு வருகிற அன்றைக்கு மட்டும் மேசைக்கு வரும். பிள்ளைகள் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அலைவடிவம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஃப்யூஸ் போடத் தெரியாமலே வெளியே போனார்கள். பழுதாகிவிடும் என்று பூட்டியவர்களை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தாத்தா கடையில் நம் கைபட்டு எத்தனை ரேடியோ போயிற்று, ஒருநாளாவது திட்டினாரா?

அதனால் ரெக்கார்டுக்கான மதிப்பெண்ணைக் குறை. வைவாவில் வரையறை கேட்காதே; ஒரு கம்பியை இடம் மாற்றிவைத்து, பிழையைக் கண்டுபிடிக்கச் சொல். ஒரு போர்டுக்கு இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து பேரை உட்காரவைத்தால் ஒருவன் செய்வான், பெண்பிள்ளைகள் கையில் நோட்டுதான் வந்து சேரும். 230 வோல்ட் பக்கம் இப்போதைக்கு விடாதே. மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று யாராவது கேட்டால், 2005இல் இத்தாலியின் இவ்ரியாவில் அர்டுயினோ பிறந்ததே மின்னணுவியல் படிக்காத டிசைன் மாணவர்களுக்காகத்தான் என்று சொல்.

அதிகம் பேசிவிட்டேனோ? நம் குடும்பத்திலேயே உனக்கு இருக்கிற பொறுமை யாருக்கும் கிடையாது, நீ எதைத் தேர்ந்தாலும் அது நன்றாகத்தான் வரும். டிங்கர்கேட் என்றாலும் எனக்குச் சம்மதமே. நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணே, சீக்கிரம் தூங்கு. அடுத்த மாதம் சென்னை வருகிறேன். வாங்கவேண்டிய சாமான்களைப் பட்டியல் போட்டு வை, ரிச்சி தெருவுக்கு நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா